பெந்தம் நட்ட அறிவு மரம்

இலண்டன் மாநகரில் 1748-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 15-ஆம் நாள் பிறந்தவர் ஜெரமி பெந்தம். தந்தையார் வழக்கறிஞர். மகனும் சட்டத்துறையில் உச்சிக்குச் செல்ல வேண்டும் என்ற ஆவலில், பால்மணம் மாறாத வயதிலேயே அவருக்கு இலத்தீன் கற்பிக்கலானார். பன்னிரண்டாம் வயதில் ஆக்ஸ்போர்டு! நம் பள்ளியில் ஏழாம் வகுப்பில் இருக்கும் வயது அது. ஆனால் பெந்தமோ சட்டம் பயின்றும் வழக்காடுவதை விரும்பவில்லை. ஒரு சட்டத்தால் மக்களுக்கு விளையும் இன்பம் எவ்வளவு, துன்பம் எவ்வளவு என்று ஆராய்வதிலேயே வாழ்நாளைக் கழித்தார். பயன்பாட்டுக் கொள்கை என்பது இதுவே.

அறுபது வயதைக் கடந்த பின்னர் அவர் கவனம் பள்ளிக்கூடத்தின்பால் திரும்பியது. 1816-ஆம் ஆண்டையொட்டி ‘கிரெஸ்டோமாதியா’ என்னும் நூலை வெளியிட்டார். பயனுள்ள கல்வி என்பது அப்பெயரின் பொருள். இலத்தீனும் கிரேக்கமுமே கல்வி என்றிருந்த காலத்தில், அவற்றை முதலிடத்திலிருந்து இறக்கினார். கண்ணால் காணும் செடி, விலங்கு, கனிப்பொருள் ஆகியவற்றில் தொடங்கி, இயந்திரவியல், வேதியியல் என எளியதிலிருந்து அரியதற்குப் பாடங்களை வரிசைப்படுத்தினார். பெண்குழந்தைகளுக்கும் அங்கு இடமுண்டு, பிரம்புக்கு இடமில்லை.

மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் முறையையும் அவர் மேற்கொண்டார். அம்முறை நம் சென்னையிலிருந்து சென்றது என்பதை எண்ணி மகிழலாம். எழும்பூர் அநாதைச் சிறுவர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்பார், நம் நாட்டுச் சிறுவர் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதைத் தம் இல்லத்திலும் புகுத்தி, கற்பிக்கும் பணியை மாணவரிடமே ஒப்படைத்தார்.

நூலின் பிற்சேர்க்கை ஒன்றில் அறிவுத்துறைகள் அனைத்தையும் ஒரே மரமாக வரைந்தார் பெந்தம். பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தார் நினைவு, பகுத்தறிவு, கற்பனை என மூன்றாகப் பிரித்தது அவருக்கு ஒவ்வவில்லை. வரலாறு எழுதுபவருக்கு நினைவு மட்டும் போதுமா? எனவே ஒரு பண்பு உள்ளது, இல்லாதது என ஒவ்வொரு கிளையையும் இரண்டிரண்டாகப் பிரித்துச் சென்றார். எல்லாக் கலைகளுக்கும் மேலாக அவர் வைத்தது மனித நல்வாழ்வு. கிளைகளுக்கு அவர் கிரேக்கத்தில் சூட்டிய பெயர்களோ நாவில் நுழையாதவை; அவற்றுள் பெரும்பாலானவை வழக்கொழிந்தன. கவிதையை அவர் பெரிதாக மதிக்காததும் ஒரு குறையே.

தம் வீட்டுத் தோட்டத்திலேயே அப்பள்ளியை எழுப்ப இசைந்தார். பேச்சு நீண்டதேயன்றிக் கட்டடம் எழவில்லை. எனினும் கத்தோலிக்கருக்கு ஆக்ஸ்போர்டின் கதவு அடைத்திருந்த அந்நாளில், சமய வேறுபாடு பாராத இலண்டன் பல்கலைக்கழகம் 1826-இல் தோன்றியபோது அதை அவர் ஆதரித்தார். 1832-ஆம் ஆண்டு ஜூன் 6-ஆம் நாள் மறைந்தார்.

அந்தப் பிற்சேர்க்கையைப் பிரெஞ்சில் ஆக்கி 1823-இல் வெளியிட்டவர் அவருடைய தம்பி மகன் ஜார்ஜ். பெரியப்பாவிடம் கண்ட வகைப்படுத்தும் ஆர்வத்தைச் செடிகொடிகளின்மீது செலுத்திய அவர், ஹூக்கருடன் சேர்ந்து 1862 முதல் 1883 வரை விதைத் தாவரங்களை முறைப்படுத்தினார். மேல்நிலை வகுப்பில் தாவரவியல் பயிலும் நம் மாணவியர் பாடம் செய்யும் பெந்தம்-ஹூக்கர் வகைப்பாட்டில் வரும் பெந்தம் இவர்தாம்.