காணாக் கவசத்தை ஆராய்ந்த விக்ரம் சாராபாய்

பாலசமுத்திரத்திற்குத் தெற்கே ஓங்கி நிற்கும் பழனி மலைத்தொடரின் மேல், கொடைக்கானலில், 1899ஆம் ஆண்டில் தோன்றிய வானாய்வகம் உள்ளது. சூரியனையும் பூமியின் காந்தப்புலத்தையும் ஒருசேரக் கண்காணித்த அம்மலையைத் தம் ஆய்வுக் களங்களுள் ஒன்றாகக் கொண்டவர், சமணக் குடும்பத்தில் தோன்றிய விக்ரம் சாராபாய்.

1919 ஆகஸ்ட் 12 அன்று அகமதாபாத்தில், ஆலை அதிபர் அம்பாலாலுக்கும் சரளாதேவிக்கும் மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்றபின், உலகப் போர்க் காலத்தில் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி. வி. இராமனின் வழிகாட்டுதலில் அண்டக் கதிர்களை ஆராயத் தொடங்கினார். 1947இல் கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றார். அதே ஆண்டு நவம்பரில் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தை நிறுவினார். குடும்பச் செல்வம் வாழ்நாள் முழுதும் போதுமானதாயிருந்தும், அறிவுத் தேடலையே அவர் தம் செல்வமாகக் கொண்டார்.

சூரியனிலிருந்து மின்னேற்றம் பெற்ற துகள்கள் நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகத்தில் எப்பொழுதும் வீசிக்கொண்டிருக்கின்றன. இச்சூரியக் காற்றைப் பூமியின் காந்தப்புலம் பெரும்பாலும் விலக்கிவிடுகிறது. செவ்வாய்க் கோளோ தன் பரந்த காந்தப்புலத்தைப் பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன்பே இழந்தது. அதன் காற்று மண்டலத்தின் பெரும்பகுதி விண்வெளியில் கரைந்து போயிற்று. சூரியனின் செயற்பாடு மாறுந்தோறும் பூமியை வந்தடையும் அண்டக் கதிர்களின் அளவும் மாறுபடும். அம்மாற்றங்களை இடைவிடாது அளந்து, கோள்களுக்கு இடைப்பட்ட வெளியின் இயல்பை உணர முயன்றதே சாராபாயின் ஆய்வு நெறி.

பூமியின் காந்த நடுக்கோட்டில் காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகச் செல்கின்றன. அதன் மேல் ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில் பகலில் வலிய மின்னோட்டம் பாய்கிறது. அதனை நேரில் ஆராயும் பொருட்டு, அக்கோட்டை ஒட்டிய தும்பா என்னும் கடற்கரைச் சிற்றூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கிருந்த கிறித்தவ ஆலயத்தையும் நிலத்தையும் ஆயரும் மீனவ மக்களும் மனமுவந்து விட்டுக்கொடுத்தனர். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் அங்கிருந்து எழுந்தது. விண்ணறிவு எளிய மக்களின் வாழ்வுக்குப் பயன்பட வேண்டும் என்பதே அவர் கொண்ட உறுதி.

1971 டிசம்பர் 30 அன்று கோவளத்தில், தம் 52ஆம் வயதில் அவர் மறைந்தார். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய இந்தியக் கலம் அவர் பெயரையே தாங்கியது. காந்தக் கவசமின்றிச் சூரியக் காற்றை நேரே ஏற்கும் அம்மண்ணில், அக்கவசத்தை ஆராய்ந்தவரின் பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது.