சம்பள கமிஷன் 'அய்க்ராய்ட் ஃபார்முலா' தெரியும்... குன்னூரில் அவர் குழந்தைகளின் கண்ணுக்காக என்ன செய்தார் தெரியுமா?

சம்பள கமிஷன் பற்றி செய்தி வரும்போதெல்லாம் அய்க்ராய்ட் ஃபார்முலா என்ற பெயரும் கூடவே வந்துவிடும். 7-வது சம்பள கமிஷன் மத்திய அரசு ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 18,000 ரூபாய் என்று நிர்ணயித்தபோது அடிப்படையாக வைத்த கணக்கு அதுதான். ஆனா அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் சம்பளக் கணக்கு போட வந்தவரே இல்லை. அவர் ஒரு டாக்டர். நம்ம குன்னூரில் பத்து வருஷம் வேலை பார்த்தவர். அவர் அங்கே கையில் எடுத்த பிரச்னைகளில் முக்கியமான ஒன்று, சாப்பாட்டில் ஒரு சத்து குறைந்ததால் பார்வை இழந்த குழந்தைகள்.

யார் இந்த அய்க்ராய்ட்?

வாலஸ் ருடெல் அய்க்ராய்ட் 1899-ல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தார். அங்குள்ள டிரினிட்டி கல்லூரியில் மருத்துவம் படித்தார். 1920-களில் நியூஃபவுண்ட்லாந்துக்குப் போனார். இப்போது அது கனடாவில் இருக்கிறது. குளிர்காலம் முழுக்க வெள்ளை மாவு ரொட்டியையும் டீயையும் நம்பி வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் அங்கே இருந்தன. அவர்களுக்கு பெரிபெரி வந்தது. கூடவே மாலைக்கண் நோயும் வந்தது. பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. இத்தனைக்கும் அவர்கள் பிடித்த காட் மீனின் ஈரலில்தான் அந்த நோய்க்கான மருந்தே இருந்தது! சத்துக் குறைவால் வரும் நோய்கள் பற்றி அங்கே பார்த்ததை 1930-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அடுத்து ஜெனீவாவில் சர்வதேச சங்கத்தின் சுகாதாரப் பிரிவில் வேலை. 1935-ல் குன்னூருக்கு வந்துவிட்டார்.

குன்னூரில் என்ன இருந்தது?

சிம்ஸ் பார்க் போனவர்கள் பக்கத்திலேயே பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டைப் பார்த்திருப்பீர்கள். வெறிநாய்க்கடி தடுப்பூசிக்குப் பேர் போன இடம். அங்கே 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர் சின்ன அளவில் தொடங்கிய சத்துணவு ஆராய்ச்சி, பிறகு 'நியூட்ரிஷன் ரிசர்ச் லேபரட்டரீஸ்' என்று வளர்ந்தது. இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து, எது நல்லா வளருது என்று பார்த்தவர் மெக்காரிசன். அதில் நம்ம ஊர் அரிசிச் சாப்பாட்டுக்கு மார்க் ரொம்பக் குறைவு. அவர் 1935-ல் ஓய்வு பெற்றதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்தான் அய்க்ராய்ட்.

இவர் எலியோடு நிற்கவில்லை, நேராகப் பிள்ளைகளிடம் போனார். தென்னிந்தியப் பள்ளிக் குழந்தைகளை அவரும் குழுவினரும் பரிசோதித்தார்கள். பார்த்தது மூன்று அடையாளங்கள். ஒன்று, வாயோரப் புண். அடுத்தது, முழங்கை, முழங்காலில் முள் முள்ளாகத் தடித்துப்போன தோல். மூன்றாவது கண்ணில். கருவிழிக்குப் பக்கத்தில், வெள்ளைப் பகுதியில் நுரை ஒட்டியது மாதிரி ஒரு திட்டு. பிட்டாட் புள்ளி என்பார்கள். வலிக்காது, அரிக்காது. அதனாலேயே வீட்டில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உடம்பில் வைட்டமின் ஏ தீர்ந்து வருகிறது என்பதற்கு அது ஒரு எச்சரிக்கை.

ஒரு வைட்டமின் இல்லாவிட்டால் கண்ணே போகுமா?

போகும். விழித்திரையில் மங்கலான வெளிச்சத்தைப் பிடிக்கும் ரோடாப்சின் என்ற பொருள் இருக்கிறது. அதைத் தயாரிக்க வைட்டமின் ஏ வேண்டும். அது குறைந்தால் முதலில் போவது இருட்டுப் பார்வை. சாயங்காலம் விளையாடிவிட்டு வரும் குழந்தை வாசல்படியில் தடுக்கி விழும், தட்டில் இருப்பதைத் தடவித் தேடும். கவனிக்காமல் விட்டால் கண்ணின் மேற்பரப்பு வறளும், பிட்டாட் புள்ளி வரும். கடைசிக் கட்டத்தில் கருவிழியே மெழுகு மாதிரி இளகிப்போகும். இதுக்கு கெரட்டோமலேசியா என்று பெயர். அதிலும் அம்மை, வயிற்றுப்போக்கு வந்து மெலிந்த குழந்தை என்றால் ஒரு சில நாட்களிலேயே கண் போய்விடலாம். அப்படிப் போன பார்வை திரும்பாது.

1819-ல் தொடங்கிய சென்னை எழும்பூர் கண் மருத்துவமனைக்கு அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகள் நிறைய வந்தார்கள். அங்கே கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் ரைட்டும் அய்க்ராய்டும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். வழக்கமாகக் கொடுக்கும் காட் மீன் எண்ணெய் இறக்குமதிச் சரக்கு. அதற்குப் பதிலாக, கரோட்டின் நிறைந்த சிவப்பு பாமாயிலைக் கொடுத்துப் பார்த்தார்கள். கரோட்டினை நம் உடம்பே வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பலன் கிடைத்தது. முடிவுகள் 1937-ல் வெளியாயின. (ரேஷன் கடை பாமாயிலோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். சுத்திகரிக்கும்போது அந்தச் சிவப்பு கரோட்டின் போய்விடும்.)

அதே 1937-ல் இன்னொரு வேலையும் நடந்தது. இந்திய உணவுப் பொருட்கள் ஒவ்வொன்றிலும் என்ன சத்து எவ்வளவு என்று ஆராய்ந்து, ஹெல்த் புல்லட்டின் எண் 23 என்ற சிறு புத்தகமாகக் குன்னூரிலிருந்து போட்டார். இன்றைக்கு டயட்டீஷியன்கள் புரட்டும் சத்து அட்டவணைகளுக்கு முன்னோடி அதுதான். முருங்கைக்கீரை, அரைக்கீரை மாதிரி கொல்லையில் முளைக்கும் கீரைகளில்தான் கண்ணுக்கான மலிவான சரக்கு இருக்கிறது. கொஞ்சம் எண்ணெய் விட்டு வதக்கிச் சாப்பிட்டால்தான் கரோட்டின் உடம்பில் சேரும்.

அப்போ ஊட்டி கேரட் சாப்பிட்டா கண்ணாடி கழன்றுவிடுமா?

கழலாது. கேரட் வைட்டமின் ஏ குறைவைத் தடுக்கும், அவ்வளவுதான். ஸ்கூல் வயதில் கரும்பலகை மங்கலாகத் தெரிந்தால் பெரும்பாலும் அது கிட்டப்பார்வை, கண்ணாடிதான் வழி. 40-க்கு மேல் மொபைலைத் தள்ளிப் பிடித்துப் படிப்பது லென்ஸின் வளையும் தன்மை குறைவதால். 60-ஐ ஒட்டி இரவில் எதிரே வரும் வண்டி வெளிச்சம் கூசினால் கண்புரையா என்று பார்க்க வேண்டும். வைட்டமின் ஏ குறைவு பெரும்பாலும் தாக்குவது தாய்ப்பால் மறக்கும் காலத்திலிருந்து 5 வயது வரை. அதுக்கு அடுத்து கர்ப்பிணிகளை, குறிப்பாகக் கடைசி மாதங்களில். ஆனால் கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் வைட்டமின் ஏ மாத்திரை போடக் கூடாது. அளவு மீறினால் வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து.

குன்னூர் ஆய்வகம் 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக ஆனது. குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ திரவம் கொடுக்கும் தேசியத் திட்டம் 1970-ல் வந்தது அதன் ஆய்வுகளை வைத்துத்தான். 9-வது மாதத்தில் 1 லட்சம் யூனிட், பிறகு 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட், 5 வயதுக்குள் மொத்தம் 9 தவணை. உங்கள் வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி அட்டையில் எத்தனை தவணை விழுந்திருக்கிறது என்று பாருங்கள். விட்டுப்போயிருந்தால் அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்கலாம்.

ஃபார்முலா எப்படி வந்தது?

1957-ல் நடந்த 15-வது இந்தியத் தொழிலாளர் மாநாட்டில். குறைந்தபட்சக் கூலியைக் கணக்கிட, உழைக்கும் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 2,700 கலோரி என்று எடுத்துக்கொண்டார்கள். அது அய்க்ராய்டின் பரிந்துரை. அதோடு துணி, வீட்டு வாடகை, விறகு, விளக்குச் செலவைச் சேர்த்தார்கள். அப்போது அவர் இந்தியாவிலேயே இல்லை. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பில் சத்துணவுப் பிரிவின் முதல் இயக்குநராக 1946-லிருந்து 1960 வரை இருந்தார்.

இந்தியாவில் அவருடைய கடைசி வேலை ரொம்பக் கனமானது. 1943 வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனில் அவரும் ஓர் உறுப்பினர். இறந்தவர்கள் சுமார் 15 லட்சம் என்று கமிஷன் 1945-ல் சொன்னது. அந்தக் கணக்கைப் போட்டவர் அய்க்ராய்ட்தான். குறைத்துக் காட்டிவிட்டார்கள், 30, 40 லட்சம் இருக்கும் என்று விமர்சனம் வந்தது. கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்து, 1974-ல் பஞ்சங்கள் பற்றி எழுதிய புத்தகத்தில் அவரே அதை எடுத்துப் பேசினார். சாலையோரம் விழுந்து செத்தவர்களைத் தான் சரியாகக் கணக்கில் சேர்க்கவில்லை, எண் குறைவுதான் என்று ஒப்புக்கொண்டார். விமர்சகர்கள் சொன்ன அளவுக்கு இல்லை என்பதையும் விடாமல் எழுதினார். 1979 பிப்ரவரியில் காலமானார்.