தெய்வங்களின் தடம் தேடி நடந்தவர்

ஐரோப்பாவில் வரலாற்றுக்கு முந்தைய தாய்த்தெய்வ வழிபாட்டை ஆராய்வோர்க்குப் பெரும் இடர் ஒன்று உண்டு. பெண் சிற்றுருவங்கள் மண்ணுக்கடியில் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால், அவற்றை வணங்கியோர் யார், எவ்வாறு வணங்கினர் என்று சொல்ல அங்கு எவரும் எஞ்சவில்லை. ஆஸ்திரியாவின் வில்லெண்டார்ஃபில் 1908-இல் கிடைத்த சிற்றுருவம் தெய்வமா, இல்லையா என்பதே இன்றும் விவாதப் பொருள்தான். இந்தியாவிலோ வழிபாடு அறுபடவில்லை. மஞ்சளும் குங்குமமும் பூசிய கல் ஊரெல்லையில் இன்றும் பொங்கல் பெறுகிறது. அந்தக் கல்லையும் வரலாற்று ஆவணமாகப் படிக்கலாம் என்று காட்டியவர் தாமோதர் தர்மானந்த் கோசாம்பி.

1907 ஜூலை 31 அன்று கோவாவில் பிறந்த அவர், பௌத்த அறிஞர் தர்மானந்த் கோசாம்பியின் மகன். அமெரிக்காவில் பயின்று, 1929-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். காசி, அலிகர் பல்கலைக்கழகங்களிலும் புணே ஃபெர்குசன் கல்லூரியிலும் கணிதம் கற்பித்தபின், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றினார். 1944-இல் அவர் வகுத்த கணிதச் சார்பு ஒன்று மரபியலில் அவர் பெயராலேயே வழங்குகிறது.

கணிதமே அவரை வரலாற்றுக்கு இட்டுச் சென்றது. பழைய முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக நிறுத்து, கைமாறிக் கைமாறித் தேய்ந்த அளவைக்கொண்டு அவற்றின் காலவரிசையைக் கணித்தார். ஏடுகள் மௌனம் காக்கும் இடத்தில் பொருள்கள் பேசும் என்பது அவருக்குப் புலப்பட்டது.

அடுத்து, புணேயைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் வயல்வெளிகளிலும் நடக்கத் தொடங்கினார். பல தாய்த்தெய்வக் கோயில்கள் ஊருக்கு வெளியே, பழந்தடங்கள் கூடும் இடங்களில் இருந்தன. அருகே நுண்கற்கருவிகள் கிடந்தன. வேட்டையாடியும் உணவு சேகரித்தும் திரிந்த கூட்டங்கள் சந்தித்துக்கொண்ட இடங்கள் இவை என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

புராணங்களையும் அவர் இவ்வாறே அணுகினார். மராட்டிய உழவர்கள் வணங்கும் ம்ஹசோபாவைப் புராணத்தின் மகிஷாசுரனாக அடையாளம் கண்டார். ஓரிடத்தில் தேவியால் வதைக்கப்படுபவர், வேறோர் ஊரில் ஒரு தேவியின் கணவராக விளங்குகிறார். உணவு சேகரித்தோரின் தாய்த்தெய்வமும் மேய்ப்பரின் ஆண்தெய்வமும் எதிர்ப்பட்டபோது, மக்களிடையே மூண்ட பகை வதைக்கதையாயிற்று. அவர்கள் கலந்தபோது அது திருமணக்கதையாயிற்று என்பது அவர் விளக்கம். 1962-இல் வெளிவந்த 'மித் அண்ட் ரியாலிட்டி' இந்த ஆய்வுகளின் தொகுப்பு. தாய்வழிச் சமூகமே எங்கும் முந்தியது என்ற அவரது எடுகோளை இன்று பலர் ஏற்பதில்லை. ஆயினும், வணங்குவோர் எதை உண்டு, எப்படி வாழ்ந்தனர் என்று முதலில் கேட்ட அவரது முறை நிலைத்திருக்கிறது. 1966 ஜூன் 29 அன்று, 58-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அந்த முறைக்கு வடசென்னையில் இன்று அவசரத் தேவை இருக்கிறது. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் வழியே வரும் கொசஸ்தலை ஆறு, அத்திப்பட்டுக்கு அருகே எண்ணூரில் கடலை அடைகிறது. அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் சரக்குப் பெட்டக லாரிகளும் நிறைந்த இப்பகுதியில் நிலத்தின் முகம் வேகமாக மாறிவருகிறது. சாலை விரிவுக்காக ஓர் அம்மன் கோயிலை இடம் மாற்றினால் சிலையும் பூசையும் உடன் செல்லும். அவள் ஏன் அந்தத் திருப்பத்தில், அந்த ஏரிக்கரையில் நின்றாள் என்பதற்கான சான்று மட்டும் அழிந்துவிடும். கோசாம்பிக்கு இடமே ஆவணம்.

இதைப் பதிவு செய்யப் பெருநிதி வேண்டியதில்லை. எந்த அம்மன் எங்கே இருக்கிறாள், எந்தத் தடம் அங்கே செல்கிறது, திருவிழாவில் முதல் உரிமை யாருக்கு, கூழ் வார்ப்பது எந்தத் தெரு என்று கல்லூரி மாணவர்கள் முதியோரிடம் கேட்டு எழுதினாலே போதும். கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் இங்கே இன்னும் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஆய்வாளர்களுக்கு வாய்க்காத பேறு இது.