காவடிச்சிந்து பிறந்த வழி



தைப்பூசம் நெருங்கினால் நம் மெர்போக் வட்டாரத்தில் உங்கள் காதில் முதலில் விழுவது எது? உருமிச் சத்தம், அதோடு கூடவே வரும் காவடிப் பாட்டு. சுங்கை பட்டாணிக்கோ, பினாங்குத் தண்ணீர்மலைக்கோ காவடி கிளம்பிவிட்டால் அந்த மெட்டு தானாக வாயில் வந்துவிடும். யார் கட்டிய பாட்டு என்று பிள்ளைகளைக் கேட்டால் தாத்தா காலத்துப் பாட்டு என்பார்கள். தாத்தாவைக் கேட்டால் அவர் தம் தாத்தாவைக் காட்டுவார். ஆனால் அதற்கு ஓர் ஆள் உண்டு. முப்பது வயது நிறையாமலே போய்ச் சேர்ந்த ஓர் இளைஞர்.

அவர் பெயர் அண்ணாமலை ரெட்டியார். ஊர் சென்னிகுளம், பழைய திருநெல்வேலிச் சீமையில் சங்கரன்கோயிலுக்குப் பக்கம். பிறந்தது 1860களில். இளமையிலேயே தமிழ்ப் பித்துப் பிடித்தவர். கற்றது போதாதென்று திருவாவடுதுறை மடத்துக்குப் போய், அங்கே உ. வே. சாமிநாதையரிடமும் பாடம் கேட்டார். பிற்காலத்தில் ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்து அச்சேற்றினாரே, அதே ஐயர்தான்.

படித்து முடித்தவருக்குச் சோறு போட ஒரு வள்ளல் வேண்டாமா? ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவர் ஆதரித்தார். அவருடைய அவையில் ரெட்டியார் புலவரானார்.

இங்கேதான் கதை திரும்புகிறது, கவனியுங்கள். ஜமீன்தார் முருக பக்தர். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்தார். மலையைக் குடைந்த குகைக் கோயில் அது. ஊற்றுமலைச் சீமையிலிருந்து அங்கே போக இருபது மைலுக்கு மேல் நடக்க வேண்டும். வெயில், புழுதி, தோளில் காவடி. அந்த நடைக்கென்று ரெட்டியார் பாடியதுதான் காவடிச்சிந்து.

சிந்து என்பது அவர் கண்டுபிடித்ததல்ல. வழிநடைப் பாட்டு, நொண்டிச்சிந்து என்று சனங்களிடம் அது முன்பே இருந்தது. படித்தவர்கள் பலர் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. மடத்திலே படித்த இந்த இளைஞர் அதைக் கையில் எடுத்தார். வார்த்தைகளைச் சின்னச் சின்னதாக நறுக்கி, அடுக்கடுக்காக எதுகை மோனை வைத்துக் கட்டினார். பாடிப் பாருங்கள், சொல் ஓடி ஓடி வந்து ஓரிடத்தில் நின்று இழுக்கும். அந்த இடத்தில்தான் நடக்கிறவன் மூச்சு வாங்கிக்கொள்கிறான்! காலுக்குத் தாளம், நெஞ்சுக்கு ஓய்வு. புலமை இருக்கிறது, ஆனால் பாரமாக இல்லை.

அவர் கடினமான நூல்களும் செய்திருக்கிறார். சங்கரன்கோயில் திரிபந்தாதி ஒன்று. அடிதோறும் முதல் எழுத்து மட்டும் மாற வேண்டும், அடுத்து வருகிற எழுத்துகள் ஒன்றிவர வேண்டும், பொருளோ வேறாக வேண்டும். எத்தனை ராத்திரி கண் விழித்தாரோ! இன்று அதைத் தேடிப் படிப்பவர் புலவர் சிலரே. நடைக்காகப் பாடியதுதான் நாடெங்கும் நடந்தது.

1890ஐ ஒட்டி ரெட்டியார் காலமானார். அப்போது கழுகுமலைக்குப் பக்கத்து எட்டயபுரத்தில் பாரதியார் பள்ளிப் பிள்ளை. அவர் பிறந்தது 1882இல். பிறகு அவரும் சிந்து மெட்டை எடுத்து விடுதலைப் பாட்டுக்குக் கொடுத்தார். கச்சேரி வித்வான்கள் காவடிச்சிந்தைச் செஞ்சுருட்டி ராகத்தில் கடைசி உருப்படிகளோடு சேர்த்துப் பாடினார்கள். சினிமாக்காரர்களும் அந்த மெட்டை விடவில்லை.

கப்பலேறி இந்தப் பக்கம் வந்த நம் சனங்களிடம் நிலம் இல்லை, ஏடு இல்லை. மெட்டு இருந்தது. பல தோட்டங்கள் இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன, லயங்கள் போய்விட்டன. பாட்டு போகவில்லை. நம் காவடிப் பாட்டுகள் எல்லாமே ரெட்டியார் எழுதியவை என்று சொல்ல மாட்டேன். பிறகு வந்தவர்கள் எத்தனையோ எழுதிச் சேர்த்தார்கள். வார்ப்பு அவருடையது.

கழுகுமலை என்று வர வேண்டிய இடத்தில் தண்ணீர்மலை என்று மாற்றிப் பாடுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அடுத்த தைப்பூசத்தில் நீங்களும் காது கொடுத்துக் கேளுங்கள். கொஞ்சம் இழுத்துப் பாடினால் மெட்டு அதற்கும் இடம் கொடுக்கிறது.