20 ஆண்டுகள் ஒரே அறையில்... டோனாவூர் ஏமி கார்மைக்கேல் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கடந்தார்?

1931-ம் ஆண்டு ஒரு மாலை நேரம். திருநெல்வேலிப் பக்கம் ஓர் ஊரில் ஏழைகளுக்கு மருந்து கொடுக்க வாடகைக்கு எடுத்திருந்த வீட்டைப் பார்க்கப் போயிருந்தார் 63 வயதுப் பெண் ஒருவர். பொழுது சாய்ந்துவிட்டது. தரையில் தோண்டியிருந்த குழி கண்ணுக்குத் தெரியவில்லை. கால் தவறி விழுந்தார். கால் எலும்பு முறிந்தது.

சில வாரங்களில் எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது நடக்கவில்லை. 1951-ல் இறக்கும் வரை, ஏறக்குறைய 20 ஆண்டுகள், அவருடைய உலகம் பெரும்பாலும் ஓர் அறைக்குள் சுருங்கிப்போனது.

அவர் ஏமி கார்மைக்கேல். நூற்றுக்கணக்கான குழந்தைகளுக்கு ‘அம்மை’. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் டோனாவூர் என்ற சின்ன ஊரை உலகம் முழுக்கக் கிறிஸ்தவர்கள் தெரிந்துவைத்திருக்க இவரும் ஒரு முக்கியக் காரணம். பணம், உடம்பு, வழக்கு, மரணம் என்று எதுவுமே நிச்சயமில்லாத ஒரு வாழ்க்கையை, நம்பிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் எப்படி ஓட்டினார்?

யார் இந்த ஏமி?

1867 டிசம்பர் 16-ல் அயர்லாந்தின் வடக்கே மில்லைல் என்ற கடலோர கிராமத்தில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். வசதியான குடும்பம்தான். ஆனால் ஏமிக்கு 17 வயதாக இருக்கும்போது, 1885-ல், அப்பா இறந்துபோனார். வீட்டின் நிலைமை தலைகீழாக மாறியது.

பெல்ஃபாஸ்ட் நகரில் ஆலைகளில் வேலை பார்த்த ஏழைப் பெண்களிடம் மரியாதைப்பட்டவர்கள் யாரும் பேசக்கூட மாட்டார்கள். தொப்பி வாங்கக் காசில்லாமல் சால்வையால் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போனவர்கள் அவர்கள். அந்தப் பெண்களுக்காகக் கூட்டங்கள் நடத்தித்தான் ஏமியின் ஊழியம் தொடங்கியது.

அவரைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் ஒரு சிறுவயதுக் கதை உண்டு. பழுப்பு நிறக் கண்களோடு பிறந்த ஏமிக்கு நீலக் கண்கள் மேல் ஆசை. ஒரு நாள் இரவு அதற்காக வேண்டிக்கொண்டு தூங்கினார். காலையில் ஓடிப்போய்க் கண்ணாடியைப் பார்த்தால், அதே பழுப்புக் கண்கள். இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று அந்த வயதிலேயே புரிந்துகொண்டாராம். அவருடைய மீதி வாழ்க்கையைப் பார்த்தால், இந்தப் பாடம் எத்தனை முறை தேவைப்பட்டது என்று தெரியும்.

ஆரம்பமே சறுக்கல்

வெளிநாட்டில் ஊழியம் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்த ஏமி, முதலில் சீனாவுக்குப் போக முயன்றார். உடல்நிலை சரியில்லை என்று சொல்லி மருத்துவர் அனுமதிக்கவில்லை. 1893-ல் ஜப்பான் போனார். அங்கே உடம்பு ஒத்துழைக்கவில்லை. 15 மாதங்களில் கிளம்ப வேண்டியதாயிற்று. வழியில் இலங்கையில் கொஞ்ச நாள் தங்கிவிட்டு ஊர் திரும்பினார்.

1895-ல் மறுபடியும் கிளம்பினார். இந்த முறை இந்தியா. பெங்களூருக்கு வந்து சேர்ந்ததுமே காய்ச்சல். இவர் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க மாட்டார் என்றுதான் பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். ஆனால் அன்று வந்தவர், அடுத்த 55 ஆண்டுகளில் விடுமுறைக்குக்கூட ஒரு தடவை சொந்த ஊர் போகவில்லை.

திருநெல்வேலியில் ஊழியம் செய்துகொண்டிருந்த தாமஸ் வாக்கர் அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார். ஏமி சேலை உடுத்திக்கொண்டு, பொன்னம்மாள் உள்ளிட்ட தமிழ்ப் பெண்களோடு மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகச் சுற்றினார். பொன்னம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். பின்னாளில் ஏமியின் வலது கை.

ஒரு சிறுமி மாற்றிய திசை

1901 மார்ச் மாதம். அப்போது பண்ணைவிளையில் இருந்த ஏமியிடம் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி வந்து சேர்ந்தாள். பெயர் ப்ரீனா. கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதற்காக ஒப்படைக்கப்பட்ட குழந்தை. அதற்கு முன்பே ஒரு முறை தப்பித்துத் தாயிடம் ஓடியிருக்கிறாள். தாய் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிட்டார். தண்டனையாகக் கையில் சூடு வைத்திருக்கிறார்கள். இரண்டாம் முறை தப்பித்தபோதுதான் ஏமியிடம் வந்தாள்.

இதற்குப் பிறகு ஏமியின் பயணங்கள் குறைந்தன. ஒவ்வொரு குழந்தையாக வந்துகொண்டே இருந்தது. டோனாவூர் ஒரு பெரிய குடும்பமானது. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் ஏற்கத் தொடங்கினார்கள்.

உறவுமுறைகளும் நம்ம ஊர் முறைதான். ஏமி ‘அம்மை’. வெளிநாட்டிலிருந்து வந்த பெண்கள் ‘சித்தி’, ஆண்கள் ‘அண்ணாச்சி’, இங்கேயே வளர்ந்து வேலை பார்த்தவர்கள் ‘அக்காள்’. நிறைய குழந்தைகளுக்குப் பிறந்த நாள் எது என்றே தெரியாது. அதனால் அவர்கள் டோனாவூருக்கு வந்த நாளைக் கொண்டாடினார்கள்.

பணம் எங்கிருந்து வந்தது?

இங்கேதான் ஏமியின் அன்றாட நம்பிக்கை என்னவென்று கண்ணால் பார்க்கலாம். யாரிடமும் பணம் கேட்பதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. ஊழியர்களுக்குச் சம்பளம் கிடையாது. தேவை எது என்பதைக் கடவுளிடம் மட்டும் சொல்வது, வந்ததை வைத்து அன்றைய நாளை நடத்துவது. அவ்வளவுதான் திட்டம்.

கேட்க அழகாக இருக்கும். ஆனால் அரிசியும் பாலும் தினமும் வேண்டிய நூற்றுக்கணக்கான பேர் இருக்கும் வீட்டில் இது சாதாரண விஷயமில்லை. அடுத்த மாதத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அதனால் பிரார்த்தனை என்பது ஞாயிற்றுக்கிழமை சமாச்சாரமாக இல்லாமல், தினசரி வீட்டுக் கணக்கின் ஒரு பகுதியாகவே ஆனது.

வேண்டியதெல்லாம் கிடைத்ததா?

இல்லை. ஆரம்ப ஆண்டுகளில் வந்த பச்சிளம் குழந்தைகள் பலர் நோயில் இறந்துபோனார்கள். பக்கத்தில் மருத்துவ வசதி கிடையாது. நெய்யூர் மருத்துவமனைக்கு அருகே குழந்தைகளுக்காக ஓர் இல்லம் தொடங்கி, பொன்னம்மாளை அங்கே பொறுப்பாக வைத்தார் ஏமி.

1912-ல் வாக்கர் இறந்தார். டோனாவூர் பெரிதும் சாய்ந்திருந்த தூண் அவர். 1913-ல் ஏமியின் தாய் காலமானார். 1915-ல் பொன்னம்மாளைப் புற்றுநோய் கொண்டுபோனது. மூன்றே ஆண்டுகளில் மூன்று பெரிய இழப்புகள்.

இதே காலகட்டத்தில் நீதிமன்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. தஞ்சம் தேடி வந்த குழந்தைகளைத் திருப்பிக் கேட்டு உறவினர்கள் வழக்குப் போட்டார்கள். குழந்தைக் கடத்தல் குற்றச்சாட்டும் வந்தது. சிறைக்குப் போக நேரலாம் என்ற நிலையில், அந்த கிரிமினல் வழக்கு 1914-ல் தள்ளுபடியானது.

சொந்த வட்டாரத்திலும் எதிர்ப்பு இருந்தது. இந்தியாவில் மதமாற்ற ஊழியம் எவ்வளவு கடினம் என்பதை மறைக்காமல் 1903-ல் அவர் வெளியிட்ட புத்தகம், ஆதரவாளர்களைச் சோர்வடையச் செய்யும் என்று பலர் குறைப்பட்டார்கள். அவரை இந்தியாவை விட்டு அனுப்ப வேண்டும் என்று சில மிஷனரிகளே பேசினார்கள்.

இன்றைய பார்வையிலும் அவர் மீது விமர்சனம் உண்டு. இந்து சமூகத்தைப் பற்றிய அவருடைய எழுத்து ஒருபக்கமானது என்பார்கள். இசை, நடனம், சொத்துரிமை என்று தேவதாசி மரபுக்கு இருந்த மற்ற முகங்கள் அதில் காணாமல் போய்விட்டன என்பதும் உண்மை. அதே நேரம், குழந்தைகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை எதிர்த்தவர் அவர் மட்டுமல்ல. 1927-ல் சென்னை மாகாண சட்டசபையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அதற்கு எதிராகத் தீர்மானம் கொண்டுவந்தார். 1947-ல் தடைச் சட்டம் வந்தது.

படுக்கையில் தொடங்கிய இன்னொரு வேலை

மீண்டும் அந்த அறைக்கு வருவோம். ஓயாமல் ஓடிக்கொண்டிருந்த ஒருவருக்குக் கட்டில்தான் உலகம். வலி குறையவில்லை. தூக்கமில்லாத இரவுகள் ஏராளம். அவர் குணமாக வேண்டும் என்று டோனாவூரே வேண்டிக்கொண்டது. பல நாடுகளில் இருந்தவர்களும் வேண்டிக்கொண்டார்கள். குணமாகவில்லை.

இதை ஏமி மூடி மறைக்கவில்லை. 1933-ல் ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ என்ற புத்தகத்தை வெளியிட்டார். நோயாளிகளுக்காக ஒரு நோயாளி எழுதியது. ஆரோக்கியமாக இருப்பவர்கள் படுக்கையில் கிடப்பவர்களுக்கு எழுதும் அறிவுரைகள் உள்ளே இறங்குவதில்லை என்பது அவர் சொந்தமாகக் கண்டுகொண்டது. கூடவே இருக்கும் ஒருவர் பேசுவது போல எழுதினார். வலிக்குக் காரணம் இதுதான் என்று சுலபமான விளக்கம் எதையும் தரவில்லை. கிடைக்காத பதிலோடும் கடவுளை நம்ப முடியும் என்பதுதான் அவர் நின்ற இடம்.

அந்த அறையிலிருந்து இன்னொரு பழக்கமும் தொடர்ந்தது. டோனாவூர்க் குடும்பத்துக்குச் சின்னச் சின்னக் குறிப்புகள் எழுதி அனுப்புவார். யாரோ சோர்ந்திருப்பார்கள், யாருக்கோ வேலையில் சண்டை, யாருக்கோ பயம். அன்றைய நாளுக்கு வேண்டிய நாலு வரி. பிற்பாடு அவை தொகுக்கப்பட்டு, தினமும் ஒரு பக்கம் வாசிக்கும் தியானப் புத்தகங்களாக வந்தன. இன்றும் அச்சில் இருக்கின்றன.

1948-ல் அறைக்குள்ளேயே மறுபடியும் விழுந்தார். எலும்புகள் முறிந்தன. அதன்பின் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. 1951 ஜனவரி 18-ல், 83-வது வயதில் காலமானார்.

இன்றைக்கு இதில் என்ன இருக்கிறது?

வேலை நிலைக்குமா, ரிப்போர்ட்டில் என்ன வரும், அடுத்த வருடம் என்ன ஆகும் என்று மொத்தக் கவலையையும் ஒரே இரவில் தூக்கிச் சுமக்கும் பழக்கம் நமக்கு இருக்கிறது. ஏமிக்கும் கவலைக்குக் காரணங்கள் குறைவில்லை. அவர் நம்பிக்கையை ஒரு நாள் அளவுக்குப் பிரித்துக்கொண்டார்: இன்றைய அரிசி, இன்றைய குழந்தை, இன்றைய வலி, இன்று ஒரு குறிப்பு. நாளையை நாளைக்குப் பார்த்துக்கொண்டார். கிறிஸ்தவராக இல்லாதவர்களும் அந்த அளவைப் புரிந்துகொள்ள முடியும்.

தன் கல்லறைக்குக் கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். அதனால் டோனாவூரில் அவருடைய இடத்தில் பெயர் பொறித்த கல்லறைக் கல் இல்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரே ஒரு சொல்: அம்மை.