முன்சீப் கேட்ட கேள்வி

தமிழ்த் தாத்தா உ.வே.சா. என்றாலே தலைப்பாகை கட்டின வயசானவர் படம்தான் ஞாபகம் வரும். ஆனா 1880-ல் அவருக்கு வயசு 25தான். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரும் ஆகிவிட்டார்.

அந்த ஊர் முன்சீப் சேலம் இராமசாமி முதலியார், என்னென்ன படித்தீர்கள் என்று கேட்டார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், உலா, கோவை என்று அடுக்கினார். முதலியார் அசரவே இல்லை! சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை படித்ததுண்டா என்றார். இல்லை, புத்தகம் கிடைத்தால் படித்துவிடுவேன் என்றார் இவர். (நாமும் பரீட்சைக்கு முன்னாடி இப்படித்தான் சொல்றோம்.)

முதலியார் சிந்தாமணியைக் கையில் கொடுத்தே விட்டார். பிரிச்சா, பல இடம் புரியலை. அது சமணக் காப்பியம். கல்லூரி வாத்தியார், சமணர்கள் வீடு தேடிப் போய் மாணவன் மாதிரி சந்தேகம் கேட்டார். ஓலைச்சுவடி தேடி அலைந்தார். 1887-ல்தான் சிந்தாமணியை அச்சிட முடிந்தது. முதலியார் கேட்ட மற்ற இரண்டையும் அவரே பதிப்பித்தார், சிலப்பதிகாரம் 1892-ல், மணிமேகலை 1898-ல்.