காற்றைக் கணக்கிட்ட மேதை அர்ஹீனியஸ்

(இளம் அறிவியல் வேதியியல், இரண்டாம் ஆண்டு)

அமிலம், காரம், அயனி என்று வகுப்பிலே படிக்கும்போதெல்லாம் அர்ஹீனியஸ் என்னும் பெயரைக் கேட்கிறோம். தேர்வுக்காக அவருடைய சமன்பாட்டை மனப்பாடம் செய்கிறோம். ஆனால், இன்று உலகமே பேசும் பருவநிலை மாற்றத்திற்கு முதன்முதலில் கணக்குப் போட்டவரும் அவரே என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இளமையும் இடரும்

சுவாந்தே அர்ஹீனியஸ் 1859-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள் ஸ்வீடன் நாட்டில், உப்சாலா நகருக்கு அருகே பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். 1884-இல் உப்சாலா பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டத்திற்காக ஆய்வேடு அளித்தார். கரைசல்களில் மின்சாரம் எவ்வாறு பாய்கிறது என்பதே பொருள். பேராசிரியர்கள் அதன் அருமையை உணரவில்லை; தாழ்ந்த தரமே வழங்கினர். அவர் சோர்ந்துவிடவில்லை. ஆய்வேட்டை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அனுப்பினார். ஓஸ்ட்வால்டு என்னும் வேதியியல் அறிஞர் அவரைக் காண உப்சாலாவுக்கே வந்தார். அந்த ஆய்வில் முளைத்த கொள்கைக்குத்தான் 1903-இல் நோபல் பரிசு கிடைத்தது. குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறிய என் போன்றோருக்கு, மதிப்பெண்ணே முடிந்த முடிவன்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ!

ஓராண்டுக் கணக்கு

பண்டைக்காலத்தில் பனியூழி தோன்றியது ஏன் என்னும் வினா அவரை ஈர்த்தது. காற்றிலுள்ள கரியமில வாயு குறைந்தால் பூமி எவ்வளவு குளிரும், கூடினால் எவ்வளவு சூடேறும் என்று ஆராய்ந்தார். கணிப்பொறி இல்லாத காலம் அது. பூமியைப் பத்துப் பத்துப் பாகை அகலமுள்ள வளையங்களாகப் பிரித்து, நான்கு பருவங்களுக்கும் தனித்தனியே ஏறத்தாழ ஓராண்டு கையாலேயே கணக்கிட்டார். 1896-இல் முடிவை வெளியிட்டார். அவ்வாயு இருமடங்கானால் வெப்பம் 5 முதல் 6 டிகிரி உயரும் என்பது அவர் கண்ட விடை. இன்றைய அறிவியலார் 2.5 முதல் 4 டிகிரி என்கின்றனர்.

சூடேறிய காற்று அதிக நீராவியைத் தாங்கும். அந்நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். இதனையும் அவர் கணக்கில் சேர்த்திருந்தார். எனினும் பூமி வெப்பமாவதை அவர் நன்மை என்றே எண்ணினார். குளிர் நாட்டவர் அல்லவா! வருங்கால மக்கள் இதமான காலநிலையும் மிகுந்த விளைச்சலும் பெறுவர் என நம்பினார். 1927 அக்டோபர் 2-ஆம் நாள் மறைந்தார்.

நீராவியின் மறுபக்கம்

அவர் நினையாத மறுபக்கம் ஒன்று அந்த நீராவிக்கு உண்டு. புயலுக்கு உணவு நீராவியே. வெதுவெதுப்பான கடலிலிருந்து எழும் நீராவி, மேலே சென்று குளிர்ந்து நீராகும்போது, தன் உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுகிறது. அவ்வெப்பமே புயலை இயக்குகிறது. காற்றின் வெப்பம் 1 டிகிரி கூடினால், அது தாங்கும் நீராவி சுமார் 7 விழுக்காடு கூடும். ஆகவே மழையும் மிகும்.

பூமி சூடேறுவதால் புயல்களின் எண்ணிக்கை பெருகும் என்று அறிவியலார் கூறவில்லை. அது குறையவும் கூடும். ஆனால் எழுகின்ற புயல்களில் கடும் புயல்களின் பங்கு மிகும் என்கின்றனர். கடல் மட்டம் உயர்வதால் புயலலைகளும் நிலத்திற்குள் கூடுதலாகப் புகும். 2017-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தைத் தாக்கிய ஹார்வி புயல், சில இடங்களில் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மனிதன் ஏற்றிய வெப்பம் அம்மழையைக் கூட்டியது என்று ஆய்வாளர்கள் கண்டனர்.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. அவ்வளவு உயர்வுக்குப் பல நூற்றாண்டுகள் ஆகும் என்று அர்ஹீனியஸ் கருதியிருந்தார்.

நண்பர்களே! அவர் கண்ட வழி சரியானது. அதன் பயனை மட்டுமே அவர் தவறாக எடைபோட்டார். எந்தக் கணக்கையும் போட்டு முடித்தபின், அதன் விளைவு யாரைச் சென்று தாக்கும் என்றும் கேட்கப் பழகுவோம். அறிவியல் பயிலும் நமக்கு அம்மேதையின் வாழ்வு தரும் பாடம் இதுவே.